மீன் வளர்க்க முன் தண்ணீரை வளர்ப்போம்



நம் பிள்ளைகளில் பலர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பாமன்கடைப் பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நிற்கிறார்கள். அப்படி பாமன்கடையில் நின்ற ஒரு பிள்ளையின் கதையோடு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். பெயர் வேண்டாம்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி, "தம்பி, அந்த மீன் தொட்டியைக் கொஞ்சம் கழுவி வை" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை மனசு வைத்து வேலை செய்தான். மீன்களை வாளியில் எடுத்தான். தண்ணீர் முழுவதையும் ஊற்றினான். கண்ணாடி, கல், பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் பைப்பில் பிடித்து, பிழிந்து பிழிந்து கழுவினான். புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டான். தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் நாலு மீன் மிதந்தன. தீபாவளி அன்று ஒன்றும் மிஞ்சவில்லை.

"நல்லாக் கழுவித்தான் வச்சேன் முதலாளி. எப்படிச் செத்துச்சின்னு தெரியலை" என்றான். மீன் விலையைச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். வெறுங்கையோடு ஊருக்கு வந்து அம்மாவிடமும் இதையேதான் சொன்னான்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் நன்றாகக் கழுவியதுதான் மீன்கள் சாகக் காரணம். அது எப்படி என்று பார்ப்போம்.

1. தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. அதன் கழிவும், தின்னாமல் விட்ட தீனும் அழுகி இன்னும் அமோனியா சேரும். ஆற்றில் இது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் போக வழியில்லை. அமோனியா கூடினால் மீனின் செவுளை எரித்துவிடும்.

இங்கே உதவிக்கு வருவது கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் மீனுக்கு நஞ்சு. அடுத்த வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். இது அவ்வளவு கெடுதல் செய்யாது. நீர்ச்செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். தேயிலைக்கு நாம் போடும் அமோனியா உரத்திலும் மண்ணுக்குள் இதே வேலைதான் நடக்கிறது.

இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும் கண்ணாடியிலும், எல்லாவற்றையும் விடப் பில்டர் பஞ்சிலும் ஒட்டி வாழும். புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைக்க 4 முதல் 6 கிழமை பிடிக்கும். நம் பிள்ளை ஒரே காலையில் எல்லாவற்றையும் கழுவிக் கொட்டிவிட்டான்.

சரியான முறை இதுதான்:

- கிழமைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி நிறைய ஏறக்குறைய 56 லீட்டர் கொள்ளும். அதில் 14 லீட்டர் மாற்றினால் போதும்.
- பஞ்சைப் பைப்பில் கழுவக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு தரம் பிழிந்தால் போதும்.
- சவர்க்காரம் வேண்டவே வேண்டாம்.
- இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீன் போடுங்கள்.
- புதுத் தொட்டியில் முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுங்கள். மற்றவற்றைக் கிழமைகள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

2. பைப் தண்ணீரும் பீலித் தண்ணீரும்

கொழும்புப் பைப் தண்ணீரில் கிருமி சாக குளோரின் கலக்கிறார்கள். அது செவுளையும் கெடுக்கும், நமக்கு வேண்டிய பற்றீரியாவையும் கொல்லும். அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு, குளோரினை நீக்கும் சொட்டு மருந்து மீன் கடைகளில் கிடைக்கும்.

நம் பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் பீலிக்கு மேலே உள்ள மலையில் புல்லுக்கு மருந்து அடித்திருந்தால் அந்தத் தண்ணீரை மீனுக்கு எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் அது ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள்.

3. நம் குளிருக்கு எந்த மீன்?

லீவுக்கு வரும் பிள்ளை பையில் மீன் கொண்டு வருவதும், மூன்றாம் நாள் அது சாவதும் நமக்குப் பழக்கமான கதை. கொழும்பின் சராசரி வெப்பம் 27, 28 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் 16 பாகை அளவுதான். கப்பி, மொலி போன்றவை 22 முதல் 28 பாகையில்தான் சுகமாக இருக்கும். கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத் தோட்டங்களில் இவற்றைத் தாராளமாக வளர்க்கலாம். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் தங்கமீன் குளிரைத் தாங்கும். அதற்கு இடம் நிறைய வேண்டும், சின்னக் கண்ணாடிக் கிண்ணம் போதாது. சூடாக்கி போட்டால் கப்பியும் வாழும். கரண்ட் பில்லை யோசித்துக்கொள்ளுங்கள். லயத்துப் பழைய வயரிங்கில் ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள்.

எங்கிருந்து கொண்டு வந்தாலும், பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு மீனை விடுங்கள்.

4. கப்பியில் குஞ்சு எடுப்பது

கப்பி தென் அமெரிக்காவின் வடபகுதிக்கும் டிரினிடாட் தீவுக்கும் உரிய மீன். முட்டை இடாது, குஞ்சாகவே போடும். ஏறக்குறைய 4 கிழமைக்கு ஒரு தடவை, ஈற்றுக்கு 20 முதல் 50 குஞ்சு வரை வரும். தாயே குஞ்சைத் தின்னும். ஆகவே செடியை அடர்த்தியாகப் போடுங்கள், அல்லது வயிறு புடைத்த தாயை வேறு தொட்டிக்கு மாற்றி, குஞ்சு போட்டதும் திருப்பி எடுத்துவிடுங்கள்.

நல்ல நிறம் வேண்டுமானால் குஞ்சுகளை 3, 4 கிழமையிலேயே ஆண், பெண் என்று பிரிக்க வேண்டும். ஆணின் குதத் துடுப்பு குச்சி போல ஒடுங்கும். பெண்ணுடையது விசிறி போலவே இருக்கும். ஒரு தரம் கூடிய பெண் அந்த விந்தைச் சேர்த்து வைத்துப் பல ஈற்றுக்குப் பயன்படுத்தும். அதனால்தான் பிந்திப் பிரித்தால் நாம் நினைத்த நிறம் வராது.

கப்பி நுளம்புக் குடம்பியையும் தின்னும். இதைக் காசுக்காகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு தொட்டியில் ஆறு மாதம் பழகுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை ('நக்டா') அலங்கார மீன் வளர்ப்புக்கு உதவுகிறது. கினிகத்தேனையில் அதன் நிலையம் ஒன்று உண்டு. போய் விசாரியுங்கள்.

5. கடல் மீன் தொட்டி

கொழும்பில் பணக்கார வீடுகளில் பவளப்பாறை மீன் தொட்டி பார்த்திருப்பீர்கள். அதற்கு லீட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு எப்போதும் நிதானமாக இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. ஆகவே குறைந்த தண்ணீருக்கு நல்ல தண்ணீரையே ஊற்றுவார்கள். இது தெரியாமல் உப்புத் தண்ணீர் ஊற்றி மீனைக் கொன்றவர்கள் உண்டு. அந்த வீடுகளில் நிற்கும் பிள்ளைகள் கேட்டறிந்து செய்யுங்கள்.

பிள்ளைகள் 'நீமோ' என்று சொல்லும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம். மற்றப் பாறை மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பவளம் பெருமளவு வெளுத்து அழிந்தது. ஆகவே வீட்டுக்கு நன்னீர் மீனே நல்லது.

6. இரண்டு எச்சரிக்கைகள்

வேண்டாத மீனை ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள். தொட்டியிலிருந்து தப்பிய 'டேங்க் கிளீனர்' மீனும் கத்தி மீனும் இன்று நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி நிற்கின்றன.

நம் ஓடை மீனைப் பிடித்து விற்காதீர்கள். சிங்களத்தில் 'லே தித்தயா' என்றும் 'புலத் ஹப்பயா' என்றும் சொல்லும் செந்நிறச் சிறு மீன்கள் இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரியவை. புலத் ஹப்பயா என்றால் வெற்றிலை போடுகிறவன். அவனை ஓடையிலேயே விடுவோம். நாட்டு மீன்களில் சில இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

அந்தப் பிள்ளை பாமன்கடைக்குத் திரும்பிப் போனான். பிடித்த காசு திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கும் தொட்டியை அவனே துப்புரவு செய்தான். கால்வாசித் தண்ணீர்தான் மாற்றினான், பஞ்சைப் பைப்பில் பிடிக்கவில்லை. மீன்கள் எல்லாம் இருந்தன. ஒரு வேலையைக் கொடுக்கும்போது அதைச் சொல்லியும் கொடுக்க வேண்டும் என்பதை முதலாளிமார்களுக்கும் நாம் சொல்லி வைக்கிறோம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

1. பில்டர் பஞ்சைப் பைப்பில் கழுவினால் என்ன நடக்கும்?
2. உங்கள் தோட்டத்துக் குளிருக்கு எந்த மீன் சரி?
3. உங்கள் பீலிக்கு மேலே என்ன மருந்து அடிக்கிறார்கள்?