குஞ்சு மீனுக்குத் தீனி: முதலில் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்

காஞ்சிபுரம் பக்கத்தில் எனக்கு 25 சென்ட் பண்ணைக்குட்டை இருக்கிறது. நெல்லுக்குப் பாய்ச்சுற தண்ணியிலேயே கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். முதல் வருசம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு விடியற்காலை, பாதிக் குஞ்சுகள் செத்து மிதந்தன. நோய் எதுவுமில்லை. சீக்கிரம் பெருக்கட்டும்னு நான் அள்ளிப்போட்ட புண்ணாக்குதான் காரணம்.

மீனுக்கு நம்மைப்போல உடம்புச் சூடு தனியாகக் கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 25 முதல் 32 டிகிரி வரை இந்தக் கெண்டைகளுக்குப் பசியும் செரிமானமும் நன்றாக இருக்கும். மார்கழிக் குளிரில் அதற்குக் கீழே இறங்கினால் பசி மந்தமாகும். கோடையில் ஏறினால் வேறு சிக்கல். மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். சூடான தண்ணீரிலோ அது குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம், 35 டிகிரியில் சுமார் 7. தின்னாத தீனி அடியில் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில்தான் தட்டுப்பாடு உச்சம்.

இப்போது நான் செய்வது இதுதான்:

• குஞ்சுப் பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் குட்டையில் மிதக்கவிட்டு, பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து விடுகிறேன்.

• 20 குஞ்சுகளை வலையில் பிடித்து எடை பார்க்கிறேன். ஒன்று 10 கிராம் என்றால் 1,000 குஞ்சு 10 கிலோ. அதில் 5 சதவீதம், அதாவது அரை கிலோ, ஒரு நாள் தீனி. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. காலை, மாலை பிரித்துப் போடுகிறேன்.

• பிசைந்து மூங்கில் தட்டில் வைத்து இறக்குகிறேன். இரண்டு மணி நேரத்தில் மிச்சமிருந்தால் மறுநாள் குறைப்பேன்.

• விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் அன்றைக்குத் தீனியும் இல்லை, சாணமும் இல்லை. புதுத் தண்ணீர் மட்டும் பாய்ச்சுகிறேன்.

• கோடையில் நாலடிக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க வேண்டும். அடித்தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது.

"பட்டு ஊர்தானே, பட்டுக் கூட்டுப்புழு போடலாமே?" என்று கேட்கிறார்கள். புரதம் நிறைந்த தீனிதான். ஆனால் நம்மூரில் நெசவுதான். நூல் வெளியிலிருந்து வருகிறது. கூட்டை வேகவைத்து நூல் எடுக்கிற இடத்தில்தான் புழு மிஞ்சும். கிடைத்தால் நன்றாகக் காயவைத்துக் கொஞ்சம் சேர்க்கலாம். எண்ணெய்ச் சத்து அதிகம், காறிப்போனதைப் போடாதீர்கள்.

பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் வைத்திருந்த செய்தி இருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு முந்தைய கதை. நம் குட்டையை விடியலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எட்டிப் பார்க்க நாம் ஒருத்தர் போதாதா?