யார் செய்த பாவம்?



கொங்கு நாட்டில் பெண் பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் சீர் கொண்டு வருவார், உறவெல்லாம் கூடும். அந்த நாள் வராத வீட்டிலோ தாய் வாய் திறப்பதில்லை. "யார் செய்த பாவமோ" என்ற பேச்சைப் படுக்கையருகே நாங்கள் கேட்கிறோம். யோவான் 9-ம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் கேட்டதும் இதுதான். ஆண்டவரோ அவன்மேலும் பழி சுமத்தவில்லை, பெற்றோர்மேலும் சுமத்தவில்லை. ஆகவே நாமும் பழியை விட்டுக் காரணத்தைக் கற்றுக்கொள்வோம்.

கரு உருவான முதல் 3 மாதங்களில் இரு குழாய்கள் இணைந்து கர்ப்பப்பையும் பிறப்புப் பாதையின் மேற்பகுதியும் உண்டாகின்றன. இந்த வளர்ச்சி தடைப்பட்டால் பிறவிக் குறை வரும். கிரகணமோ சாபமோ காரணம் அல்ல.

1. பாதை அடைபட்டவர்கள்: இரத்தம் உள்ளேயே தேங்கி, மாதந்தோறும் அடிவயிறு வலிக்கும், சிலருக்குச் சிறுநீரும் அடைத்துக்கொள்ளும். சூட்டு வலி என்று எண்ணி நாட்களைக் கடத்துவார்கள். வாயிலில் மெல்லிய சவ்வு மட்டும் மூடியிருந்தால், மயக்க மருந்து கொடுத்துத் திறப்பது சிறிய ஆபரேஷன். உள்ளே தடித்த குறுக்குச் சுவர் இருந்தால், அதை நீக்கி ஓரங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஆறும்போது பாதை சுருங்காமலும் காக்க வேண்டும். ஆகையால் முதலில் ஸ்கேன் அவசியம். ஊசியால் இரத்தத்தை மட்டும் எடுத்தால் கிருமி சேரும், அடைப்பும் நீங்காது.

2. இரட்டைக் கர்ப்பப்பையில் ஒரு பக்கம் மட்டும் அடைபட்டவர்கள்: மாதவிலக்கு வருவதால் ஒருவரும் சந்தேகிப்பதில்லை, வலி மட்டும் கூடிக்கொண்டே போகும். அடைபட்ட பக்கத்தில் பெரும்பாலும் சிறுநீரகமும் இராது.

3. கர்ப்பப்பை இல்லாதவர்கள்: சுமார் 5,000 பெண்களில் ஒருவர். சூலகங்கள் வேலை செய்வதால் உடல் வளர்ச்சி குறைவதில்லை. பாதையைப் படிப்படியாக விரிக்கும் பயிற்சியே பலருக்குப் போதும். அது பயன்படாதபோதே அறுவை சிகிச்சை. அதற்கு நேரம் குறிக்க வேண்டியவள் அந்தப் பெண். கல்யாண முகூர்த்தம் அல்ல. தானமாகப் பெற்ற கர்ப்பப்பையில் 2014-ல் சுவீடனிலும், 2018-ல் நம் நாட்டில் புனேயிலும் குழந்தை பிறந்திருக்கிறது.

ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கிய வீடுகளில் பிரசவத்தில் பெண்கள் மடிந்ததைக் கண்டதால்தான், ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படித்துவந்து, 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கூச்சம் மட்டும் போகவில்லை.

15 வயதாகியும் பூப்பெய்தாத மகளையும், மாதந்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும் மகளையும் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதை வாசியுங்கள். உங்கள் காணிக்கை ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் உதவும்; உங்கள் வாய்ச்சொல்லோ அவளை மருத்துவமனை வாசல்வரை கொண்டுவரும். ஜெபத்தில் தாங்குங்கள்.