கணிப்பொறியில் தமிழ்க் கோப்பைத் தேடுவது எப்படி?

சங்கக் கூட்டங்களுக்கு வரும் அன்பர்கள் சிலர் என்னைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "சார், கம்ப்யூட்டரில் ஃபைல் தேட எந்த மென்பொருள் நல்லது?" நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமோவுடன் ரயில்வேயில் சேர்ந்து, பாதைப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்து, இப்போது ஒலவக்கோட்டில் ஓய்வாக இருப்பவன். இருந்தாலும் சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்று, இந்தக் கேள்விக்கு விடை தேட வைத்தது. அதையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

என் அக்கா குடும்பம் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலைத் தாலுகாவில் இருக்கிறது. மச்சான் ஏலத்தோட்டமொன்றில் கணக்கர். 2002-இல் ஒரு கணிப்பொறி வாங்கி, தம் வேலை போக, அக்கம்பக்கத்தாருக்குத் தமிழில் மனுக்கள் தட்டச்சு செய்து கொடுத்து வந்தார். கேரளத்தில் தமிழில் மனுவா என்று கேட்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம். அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

மச்சான் காலமான பிறகு, வீட்டு நிலத்தின் பட்டயம் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. 1977 ஜனவரி 1-க்கு முன்பே வன நிலத்தில் குடியேறி அனுபவித்து வந்தவர்களுக்குப் பட்டயம் வழங்க 1993-இல் தனி விதிகள் வந்தன அல்லவா? அதன்படி அவர் 2003-இல் ஒரு மனு கொடுத்திருந்தார். எந்தத் தேதியில், எந்த சர்வே எண்ணைக் குறிப்பிட்டு என்பது யாருக்கும் நினைவில்லை. காகிதப் பிரதி மழையில் போய்விட்டது. அக்கா மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, அப்பாவோட பழைய ஹார்ட் டிஸ்க்க என் லேப்டாப்புல மாட்டி நல்லா தேடிப் பாத்துட்டேன். பட்டயம்னு அடிச்சா ஒண்ணுமே இல்லைன்னு வருது. டிஸ்க்க அழிச்சுட்டுப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குடுத்துரட்டுமா?"

"அழிக்காதே கண்ணு, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். இடுக்கி மாவட்டத்தில் இன்றுவரை ரயில் கிடையாது. மூணாறில் 1908 முதல் ஓடிய குண்டளைக் குறும்பாதையை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோனதோடு சரி. ஆகவே ரயில்வேக்காரனும் பஸ்ஸில்தான் மலை ஏற வேண்டும்.

"ஒண்ணுமே இல்லை" என்று கணிப்பொறி சொன்னதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டும் நம் எல்லார் வீட்டிலும் இருக்கக்கூடியவை.

முதல் காரணம் தேடும் முறை. கூட்ஸ் யார்டில் ஒரு வேகனைத் தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகன் எண் தெரிந்தால் டிரெயின்ஸ் கிளார்க்கின் ரிஜிஸ்டரைப் புரட்டினால் போதும், ஒரு நிமிட வேலை. 'மஞ்சள் மூட்டை ஏற்றிய வேகன் எது?' என்று கேட்டால் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்க வேண்டும். கணிப்பொறியிலும் அப்படித்தான். கோப்பின் பெயரைத் தேடுவது ரிஜிஸ்டர் பார்ப்பது. உள்ளே எழுதியிருப்பதைத் தேடுவது கதவைத் திறப்பது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: ஓய்வு நேரத்தில் எல்லாக் கதவுகளையும் திறந்து பார்த்து, இன்ன சொல் இன்ன கோப்பில் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. இதைத்தான் இண்டெக்ஸ் என்கிறார்கள்.

விண்டோஸில் உள்ள தேடல் இந்த மூன்றாவது வழியில் செல்வது. ஆனால் தன் அட்டவணையில் சேர்த்த இடங்களில்தான் உள்ளே பார்க்கும். வெளியிலிருந்து மாட்டிய டிஸ்க் வழக்கமாக அந்த அட்டவணையில் இராது. அங்கே பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நாமாக அமைப்பை மாற்றினாலொழிய உள்ளே திறந்து பார்க்காது. மச்சானோ தம் கோப்புகளுக்கு 'லெட்டர் 7', 'லெட்டர் 8' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தார். 'பட்டயம்' எப்படி அகப்படும்?

இன்னொன்று: விண்டோஸ் அட்டவணை சொல்லின் தொடக்கத்தை வைத்தே பொருத்தம் பார்க்கும். நாம் 'நிலப்பட்டயம்' என்று சேர்த்து எழுதிவிட்டால், 'பட்டயம்' என்று தேடும்போது அது நழுவிவிடும். சொற்களைச் சேர்த்தே எழுதிப் பழகிய நமக்கு இது பெரிய குறை.

பெயரைத் தேட 'எவ்ரிதிங்' என்னும் இலவச மென்பொருளுக்கு ஈடு நான் கண்டதில்லை. டிஸ்க்கின் தலைமை ரிஜிஸ்டரையே நேராகப் படித்துவிடுவதால், லட்சம் கோப்புகள் இருந்தாலும் தட்டத் தட்டப் பட்டியல் வந்து நிற்கும். சொல்லின் நடுப்பகுதியை அடித்தாலும் கண்டுபிடிக்கும். ஆனால் அந்த ரிஜிஸ்டர் என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்த டிஸ்க்கில்தான் உண்டு. பழைய ஃபேட் முறை டிஸ்க்குகளையும் பென் டிரைவ்களையும் நாமே அதன் ஃபோல்டர் பட்டியலில் சேர்க்க வேண்டும். உள்ளே எழுதியதைத் தேடவும் அதில் வழி உண்டு என்றாலும் அது மெதுவாகவே நடக்கும்.

உள்ளே தேட நான் எடுத்துக்கொண்டது 'ஏஜென்ட் ரான்சாக்'. அதுவும் இலவசம். அட்டவணை எதுவும் போடாமல், கேட்டபோது கதவு கதவாகத் திறந்து பார்ப்பது. பெரிய டிஸ்க் என்றால் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். ஆனால் நீங்கள் கொடுத்த எழுத்துக்களை அப்படியே தேடும், தன் புத்தியை நுழைக்காது. நமக்கு வேண்டியது இதுதான். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன். (கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் பழகிய பிள்ளைகளுக்கு 'கிரெப்' என்னும் கட்டளையே போதும். வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.) கூகுள் 2004-இல் மேசைக் கணிப்பொறிக்கென்று ஒரு தேடும் மென்பொருள் கொடுத்தது. நானும் ஆசையாகப் போட்டுக்கொண்டேன். 2011-இல் அதை நிறுத்திவிட்டார்கள். எனவே எதைப் போட்டாலும், அது இல்லாமலும் கோப்பு கிடைக்கும்படி வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது காரணம்தான் விஷயமே. மச்சானின் மனுக்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன.

யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண் உண்டு. 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965, உலகில் எந்தக் கணிப்பொறியிலும். பழைய எழுத்துருக்களில் அப்படி இல்லை. ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்துவிடுவார்கள். பாமினியில் 'தமிழ்' என்று நாம் திரையில் காண்பது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. மனிதக் கண்ணுக்கு அது தமிழ், தேடும் மென்பொருளுக்கு அது ஏதோ ஆங்கிலக் கிறுக்கல். டிஸ்கி முறை வேறு மாதிரி. அதில் 'கெ' என்பதற்குக் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடிலோ 'க' முதலில், கொம்பு பிறகு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய நூல்களை அந்நாளில் இறக்கி வைத்தவர்களிடம் டிஸ்கி கோப்புகள் இன்னும் இருக்கலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆக, 2000-ஐ ஒட்டிய பத்தாண்டுகளில் தட்டச்சு செய்தவை பலவற்றில் இந்தச் சிக்கல் உண்டு. மலையாளத்திலும் இதே கதைதான்.

நோயே மருந்தும் ஆயிற்று. பாமினியில் ப-வுக்கு ஜி, ட-வுக்கு எல், புள்ளிக்கு அரைப்புள்ளி, ய-வுக்கு ஏ. ஆகவே 'பட்டய' என்பது ஜி, எல், அரைப்புள்ளி, எல், ஏ. ஏஜென்ட் ரான்சாக்கில் 'உள்ளடக்கம்' கட்டத்தில், சாதாரண எழுத்தாகத் தேடும்படி வைத்து, ஆங்கில விசைகளில் இந்த ஐந்தையும் அடித்தேன். அக்கா மகள் அருகில் நின்று, "இது என்ன மாமா, தந்தி பாஷையா?" என்றாள். பதினான்கு கோப்புகள் வந்தன. ஐந்து எங்கள் வீட்டுடையவை. அவற்றுள் ஒன்று 2003 ஜூன் மாத மனு, சர்வே எண்ணோடு. மீதி ஒன்பதும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுடையவை. அந்த டிஸ்க்கை அழித்துப் பையனிடம் கொடுத்திருந்தால் பத்துக் குடும்பத்தின் தாள்கள் போயிருக்கும்.

'பட்டயம்' என்று முழுதாக அடிக்காமல் 'பட்டய' என்று நிறுத்தியதைக் கவனித்திருப்பீர்கள். பட்டயத்தை, பட்டயத்திற்கு, பட்டயமும் என்று நம் சொற்கள் வால் மாறிக்கொண்டே இருக்கும். தலையை மட்டும் கொடுத்தால் எல்லாம் வரும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டு வரி' வராது, 'வீட' என்று கொடுக்க வேண்டும். அளவுக்கு மேலும் சில வரும், பாதகமில்லை. என் சொந்தக் கணிப்பொறியில் 'பட்டய' என்று தேடியபோது என் டிப்ளமோ சான்றிதழ்கள் வந்தன. தமிழகத்தில் பட்டயம் என்றால் படிப்பு, கேரளத்தில் பட்டயம் என்றால் நிலம்!

யூனிகோடிலேயே தட்டச்சு செய்தவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. 'ஔவையார்' என்பதைப் பலர் 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றே, கணிப்பொறிக்கு வேறு. துணைக்காலுக்குப் பதில் 'ர' அடிப்பதும் அப்படியே. 'கொ' என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். சில மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும், சில கொள்ளா. ஊர்ப் பெயர்களின் தொல்லை தனி. நம் சங்கத்துப் பழைய உறுப்பினர் பட்டியலில் கொழிஞ்சாம்பாறையை மூன்று விதமாக எழுதியிருக்கிறோம். நான் 'பாறை' என்று மட்டும் தேடுவேன். மாறாத துண்டைப் பிடிப்பதே வழி.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பாலம் கட்டினால் பாரமேற்றிப் பார்க்காமல் ரயில் விடமாட்டோம். மூன்று சிறு கோப்புகள் தயார் செய்யுங்கள்: ஒன்றுக்குத் தமிழில் பெயர், இன்னொன்றின் உள்ளே 'நிலப்பட்டயத்தை' என்னும் சொல், மூன்றாவதில் பழைய எழுத்துருவில் அதே சொல். இவற்றை டி டிரைவிலும் பென் டிரைவிலும் போட்டு, 'பட்டய' என்று தேடுங்கள். மூன்றாவதற்கு மட்டும் அந்த எழுத்துருவின் விசைகளை அடிக்க வேண்டும். எது அகப்பட்டது, எது அகப்படவில்லை என்று பார்த்தாலே அந்த மென்பொருளின் யோக்கியதை தெரிந்துவிடும். ஒன்றே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை. பெயருக்கு ஒன்று, உள்ளடக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஸ்கேன் செய்த பத்திரங்கள் வெறும் படங்கள். அவற்றை எழுத்தாக மாற்றினாலன்றி எந்தத் தேடலும் படிக்காது. அவற்றுக்குப் பெயர்தான் எல்லாம்: ஆண்டு, ஊர், விஷயம் என்று வரிசையாகப் பெயரிடுங்கள்.

கிடைத்த பதினான்கு மனுக்களையும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் வழியாக யூனிகோடுக்கு மாற்றினோம். மூலக் கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் அதே ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். மாற்றும்போது எண்ணோ எழுத்தோ பிசகினால் ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேண்டும். சர்வே எண்களை மகள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். 2003-ஆம் ஆண்டு மனுவின் தேதியைக் குறிப்பிட்டு, தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் தந்துவிட்டு வந்தோம். ஒன்பது குடும்பங்களில் ஏழு பேர் வந்து தங்கள் பிரதிகளை வாங்கிப்போய்விட்டார்கள். இரண்டு குடும்பங்கள் கம்பம் பக்கம் இறங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் மனுக்கள் என்னிடம் இருக்கின்றன.

பழைய எழுத்துருவில் கோப்புகள் வைத்துக்கொண்டு, எந்த எழுத்துரு என்று தெரியாமல் இருப்பவர்கள், ஞாயிறு மாலை சங்க வாசகசாலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.