குர்னா: குடிபோக மறுத்த ஊர்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் பழமொழி. ஒரு வீட்டைக் கட்டவே இத்தனை பாடு என்றால், ஓர் ஊரையே கட்டி அதில் மக்களைக் குடியேற்றுவது எவ்வளவு பெரிய காரியம்! அவ்வாறு எகிப்து நாட்டில் கட்டப்பட்ட ஓர் ஊரைப் பற்றி இங்கே காண்போம்.

வரலாற்றுப் பாடத்தில் எகிப்திய மன்னர்களின் கல்லறைகளைப் பற்றி நாங்கள் படித்தோம். அக்கல்லறைகளின் அருகே வாழ்ந்த ஏழை மக்களைப் பற்றிப் பின்னரே அறிந்தோம். நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சார் நகருக்கு எதிரே, மலைச்சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த பழங்காலப் பிரபுக்களின் கல்லறைகள் உள்ளன. அவற்றின் மேலும் அருகிலும் வீடு கட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவ்வூரின் பெயர் குர்னா. அகழ்வாராய்ச்சியில் கூலி வேலையும், சுற்றுலாப் பயணிகளுக்கு வழி காட்டுவதும், கைவினைப் பொருள் விற்பதும் அவர்களுக்குச் சோறு போட்டன. கல்லறைப் பொருள்களை இரகசியமாக விற்றவர்களும் அவர்களிடையே இருந்தனர். ஒரு கல்லறையிலிருந்து பாறைச் சிற்பமே வெட்டி எடுக்கப்பட்டது. ஆகவே ஊரையே இடம் மாற்றத் தொல்பொருள் துறை முடிவு செய்தது.

புதிய ஊரை அமைக்கும் பொறுப்பு 1945இல் ஹசன் ஃபாத்தி என்னும் கட்டடக் கலைஞரிடம் வந்தது. சுமார் ஏழாயிரம் பேருக்கு வீடு வேண்டும். மரமும் இரும்பும் கிடைப்பது அரிது. வைக்கோல் கலந்த மண்ணை வெயிலில் உலர்த்திச் செய்த பச்சைச் செங்கல்லையே அவர் நம்பினார். மரச் சட்டமின்றி வளைவுக் கூரையும் கும்மட்டமும் எழுப்பத் தெரிந்த நூபியாக் கொத்தனார்களை அஸ்வானிலிருந்து வரவழைத்தார். பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு ஆகியவையும் திட்டத்தில் இருந்தன. எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கலாகாது என்பது அவர் கொள்கை.

இவ்வளவு இருந்தும் மக்கள் ஏன் தயங்கினர்? முதலாவது, பிழைப்பு. கல்லறைகளையும் பயணிகளையும் விட்டுத் தொலைவில் போனால் வருமானம் ஏது? இரண்டாவது, இடம். பழைய ஊர் மேட்டில் இருந்தது. புதிய ஊரோ கரை கட்டிக் காத்த தாழ்வான வயல் நிலத்தில் எழுந்தது. மூன்றாவது, வழக்கம். அந்நாட்டில் பெரியோர்களின் சமாதிகளுக்குக் கும்மட்டம் கட்டுவர். அதன் கீழ் வாழ்வதைப் பலர் விரும்பவில்லை. இரவில் கரையை உடைத்துப் புதிய ஊருக்குள் நீரைப் பாய்ச்சியவர்களும் உண்டு. இறுதியில், ஊரின் ஒரு பகுதி மட்டும் எழும்பிய நிலையில் வேலை நின்றுபோனது.

இதில் எங்கள் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. பெண்களிடம் கருத்துக் கேட்க இயலவில்லை என்று ஃபாத்தியே பின்னாளில் தம் நூலில் எழுதினார். வெளியார் முன் பெண்கள் வருவதை ஊர் வழக்கம் அனுமதிக்கவில்லை. கிணற்றடியே பெண்கள் கூடிப் பேசும் இடம் என்பதை அவர் அறிந்திருந்தார். அதையும் எண்ணியே திட்டமிட்டார். ஆனால் பிறருக்காக எண்ணிப் பார்ப்பது வேறு. அவர்களிடமே கேட்பது வேறு. அடுப்பு எங்கே வேண்டும், தானியக் குதிர் எங்கே வேண்டும், ஆடு மாடுகளை எங்கே கட்டலாம் என்பது நாளெல்லாம் அவ்வீட்டில் உழைப்பவளுக்கல்லவா தெரியும்?

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி விவாதித்தோம். பழஞ்சின்னங்களைக் காப்பது கடமை என்று சிலர் கூறினர். அதுவும் உண்மையே. அப்பகுதி 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2006 முதல் பழைய குர்னாவின் வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டனர். ஃபாத்தி கட்டிய வீடுகளிலும் பல அழிந்துவிட்டன. இறந்தோரின் வீடுகளைக் காக்க, இருப்போர் வீடிழந்தனர்.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் சிலர் பொறியாளராகவும் ஆட்சியராகவும் வரக்கூடும். ஏழைகளுக்கு வீடு கட்டும் நற்பணி நம் கைக்கும் வரலாம். அன்று வரைபடத்தை விரிக்குமுன் அந்த ஊருக்கு நடந்து போவோம். திண்ணையில் இருப்போரிடம் மட்டுமன்றி, அடுப்படியில் இருப்போரிடமும், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்போம். அவர்கள் சொல்வதைக் கேட்டபின் கோடு போடுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி