வளவுக்கு ஒரு நாட்டு வெட்சி

2009 இல் எல்லாவற்றையும் இழந்து இடம்பெயர்ந்த புதுக்குடியிருப்பு மக்கள், மீளக்குடியேறியபின் முதலில் கிணற்றையும் கூரையையும் பார்த்தார்கள். பூங்கன்றுகள் பின்னரே வந்தன. இன்று பல முற்றங்களில் சாடி வெட்சிகளைக் காண்கிறோம். இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்கள், பார்க்க அழகானவை. ஆனால் இவற்றுக்கு மூலமான நாட்டு வெட்சியை நாம் மறந்துவிடலாகாது.

நாட்டு வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. பகைவரின் ஆநிரையைக் கவரச் சென்ற வீரர் இப்பூவைச் சூடினர். அதனால் தொல்காப்பியம் அத்திணையை வெட்சி என்றது. தாவரவியலார் வழங்கும் 'இக்சோரா' என்ற பெயரும் 'ஈசுவரன்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததே.

இரண்டுக்கும் வேறுபாடு என்ன?

நாட்டு வெட்சியின் பூ சிவப்பு. நான்கு இதழ்களும் நுனி கூரானவை. இலைக்குக் காம்பு இல்லையெனலாம். வண்ணத்துப்பூச்சிகள் அதன் நீண்ட குழலில் தேன் குடிக்கும். பின்னர் காய்த்துப் பழுக்கும். சிறுவரும் பறவைகளும் உண்பர். பறவைகள் விதையைப் பரப்பும்.

தோட்ட வெட்சிகளில் பல, நாட்டு வெட்சியைச் சீன வெட்சி முதலிய இனங்களுடன் கலந்து பெறப்பட்டவை. பலவற்றில் காய் பிடிப்பது அரிது. எனவே தண்டு வெட்டித்தான் பெருக்குகிறார்கள். ஒரு தாய்ச்செடியின் துண்டுகள் யாவும் ஒரே தன்மையன. அதைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கலாம். விதையில் முளைத்த கன்றுகளோ ஒன்றைப்போல் ஒன்றிராது. வறட்சியிலோ நோயிலோ சில மடிந்தாலும் சில தப்பும். எனவே விதை தரும் செடி ஊரில் நிற்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. காட்டுச்செடியைப் பிடுங்க வேண்டாம். அயல் வளவில் நிற்கும் செடியின் பழுத்த பழங்களை எடுப்போம். கண்ணிவெடி எச்சரிக்கையுள்ள பற்றைகளுக்குள் எக்காரணம் கொண்டும் செல்லலாகாது.

2. சதையைக் கழுவி நீக்கி, மணலும் கூட்டெருவும் கலந்த பையில் விதைத்து நிழலில் வைப்போம்.

3. மாரி மழை தொடங்கும்போது வேலியோரம் நடுவோம். சுண்ணாம்பு கூடிய மண்ணில் இலை மஞ்சளாகும். அங்கே இலைமக்கு தாராளமாக இடுவோம்.

4. காணி துப்புரவு செய்யுமுன் எந்தப் பற்றையை விடலாம் என்று பார்ப்போம்.

சாடி வெட்சியை எறியச் சொல்லவில்லை. அது முற்றத்தில் நிற்கட்டும். நாட்டு வெட்சி வேலியில் நிற்கட்டும்.

சிந்திக்க: எமது ஊரில் பழம் தரும் வெட்சி எத்தனை வளவுகளில் உள்ளது? பிள்ளைகளோடு சென்று எண்ணிப்பார்ப்போம்.