பரம்பரை நோய் தப்ப முடியாத விதியா?

‘எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சர்க்கரை நோய், எனக்கு மட்டும் வராமல் போகுமா?’ என்று பலர் கூறக் கேட்கிறோம். அவர்களுள் சிலர் உணவிலும் உழைப்பிலும் கருத்துச் செலுத்துவதைக் கைவிடுகின்றனர், பரிசோதனைக்கும் செல்வதில்லை. மறுபுறம், நோயுற்றவரைக் கண்டு, ‘நாவை அடக்காததன் பலன்’ என்று தீர்ப்பளிப்போரும் உண்டு. இவ்விரு கருத்துகளும் சரிதானா என்று ஆராய்வோம்.

விதை, நிலம், உழவு

பெற்றோர் தந்த மரபணு விதை போன்றது. வாழும் சூழல் நிலம் போன்றது. நமது நடத்தை உழவு போன்றது. அரிவாள் செல் சோகை போன்ற சில நோய்களில் விதையே பெரும்பாலும் அனைத்தையும் தீர்மானிக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு அத்தகையதன்று. அதில் பல நூறு மரபணு வேறுபாடுகள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. அவை நோய்க்கு இடம் தருகின்றன, நோயாகவே பிறப்பதில்லை.

சூழலின் வலிமை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீமா என்னும் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். ஹீலா ஆற்று நீரால் பயிர்செய்து வாழ்ந்தவர்கள் இவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியோர் நீரைத் திருப்பிக்கொண்டதால் இவர்களது வேளாண்மை சிதைந்தது. உணவும் உழைப்பும் மாறின. இவர்களோடு நெருங்கிய மரபு உறவுடைய பீமா மக்கள் மெக்ஸிகோவின் மலைப்பகுதியில் பழைய முறைப்படி உழுது வாழ்ந்து வந்தனர். 2006இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்டது. அரிசோனாவில் நீரிழிவு உடையோர் 38 விழுக்காடு, மெக்ஸிகோவிலோ 6.9 விழுக்காடுதான். விதை ஏறத்தாழ ஒன்றே; நிலமும் உழவும் வேறு.

முயற்சியின் பயன்

அதே 2006இல் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் வெளியாயின. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களுள் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நோயுற்றனர். உணவை நெறிப்படுத்தி, நாள்தோறும் அரை மணி நேரமேனும் நடக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்களுள் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களது உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

இந்த எண்கள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. முயற்சி வீண்போவதில்லை என்பது ஒன்று. முயன்றவர்களுள்ளும் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் நோயுற்றனர் என்பது மற்றொன்று. எனவே நோயை விதியென்று ஏற்றுச் சோர்வதும் தவறு. நோயாளியைக் குற்றவாளியாக நோக்குவதும் தவறு. ஆற்றை இழந்த மக்களிடம் நாவடக்கத்தை மட்டும் உபதேசிப்பது நியாயமாகுமா?

நாம் செய்ய வேண்டியது

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என்றும், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் உள்ளனர் என்றும் மதிப்பிட்டது. விளிம்பில் இருப்பவருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஆதலால் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு இருப்பின், உடல்நலம் நன்றாயிருக்கும்போதே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரிசியையும் இனிப்பையும் அளவோடு கொண்டு, பருப்பும் காய்கறியும் மிகுதியாக உண்பதும், தினமும் நடப்பதும் வீட்டார் அனைவருக்கும் பொது நெறியாகட்டும். ஒருவருக்கு மட்டும் பத்தியம் என்றால் அது நெடுநாள் நிலைப்பதில்லை. குடும்பமே மேற்கொண்டால் அதுவே அவருக்கு நல்ல நிலமாகிறது.

விதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. நிலத்தைப் பண்படுத்தும் கடமையோ நம் எல்லோருக்கும் உண்டு.