குப்பை எருவானால் நோய் குறையும்



வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களிடம், மருந்து கொடுக்கும்போதே நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "வீட்டுக் குப்பையை எங்கேம்மா கொட்டுறீங்க?"

"பின்னால கால்வாய் ஓரத்திலதான் ஐயா" என்று பதில் வரும்.

நோய் அங்கேதான் பிறக்கிறது. ஈரக் குப்பையில் ஈ முட்டையிடும். நம் நாட்டு வெப்பத்தில் 7 முதல் 10 நாளில் அந்த முட்டை புழுவாகி, ஈயாகிப் பறந்துவிடும். மலத்திலும் குப்பையிலும் உட்கார்ந்த ஈ, பிள்ளை சாப்பிடும் தட்டிலும் வந்து உட்காரும். மிச்சச் சோற்றைத் தேடி எலி வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். 'கொளுத்திவிட்டால் போச்சு' என்பீர்கள். அந்தப் புகை இளைப்புக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது.

ஆகவே குப்பையை மட்கவைத்து எருவாக்குங்கள். காசு செலவில்லை.

செய்யும் முறை:

1. கிணறு, கால்வாய் இவற்றிலிருந்து தள்ளி மேடான இடத்தில், 3 அடி நீளம், 3 அடி அகலத்துக்குப் பழைய பலகையால் அடையுங்கள். குழி வேண்டாம், மழைத்தண்ணீர் நின்று நாறும்.

2. அடியில் காய்ந்த குச்சிகளைப் பரப்புங்கள். அதன்மேல் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, பச்சைப்புல் ஆகியவற்றைப் போடலாம். ஈரக்கழிவு ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு மூன்று பங்கு. ஒவ்வொரு முறையும் சருகும் கொஞ்சம் மண்ணும் போட்டு மூடிவிட்டால் ஈ அண்டாது. லாலாங் வேரைப் போடாதீர்கள், முளைத்துவிடும்.

3. கையில் அள்ளிப் பிழிந்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வரும் ஈரம் போதும். மழைக்குத் தகரம் போட்டு மூடுங்கள்.

4. குவியல் 3 அடி உயர்ந்தால் உள்ளே சூடு 55 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் ஈப்புழு செத்துப்போகும். வாரம் ஒருமுறை கிளறி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுங்கள். ஒரு வீட்டுக் கழிவில் குவியல் சீக்கிரம் உயராது. அக்கம்பக்கத்து மூன்று நாலு வீடு சேர்ந்து செய்வது நல்லது.

மூன்று நாலு மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மண்வாசம் வீசினால் எரு தயார்.

போடக்கூடாதவை: மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம், சோறு, நாய் பூனை மலம், பிளாஸ்டிக். மீன் கழிவை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டை, டின், பழைய பால் மங்கு இவற்றை வெளியே போட்டு வைக்காதீர்கள். அவற்றில் தேங்கும் மழைத்தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது அந்தக் கொசுதான்.

எருவைக் கிளறும்போது பூட்ஸ் போடுங்கள். கையில் புண் இருந்தால் உறை மாட்டுங்கள். மண்ணிலுள்ள கிருமி புண் வழியாகப் புகுந்தால் டெட்டனஸ் என்னும் இசிவு நோய் வரும். வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

அந்த எருவைப் போட்டு வெண்டை, கத்தரி, பசலைக்கீரை நட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கறியும் ஆச்சு, வீட்டின் பின்புறமும் சுத்தமாச்சு. அடுத்த முறை நான் அதே கேள்வியைக் கேட்கும்போது, "எரு போடுறோம் ஐயா" என்று நீங்கள் சொல்ல வேண்டும்.